பதினேழு டிகிரி

பஸ் பாங்கரி ஊரை நெருங்கும்போது வெயில் சட்டென்று காணாமல் போனது. அந்த நிமிஷத்தில்தான் பொன்சிங்குக்குச் சன்னல் ஞாபகம் வந்தது. மூடினோமா? மூடியிருப்போம். மூடாமல் எப்படி வந்திருப்போம், ஒரு வருஷமாக வீடு வீடாகப் போய் வயசானவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை, கிளம்பும்போது அடுப்பு, குழாய், சன்னல், கதவு என்று கண் தானாகவே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வரும். மூடியிருப்போம். ஆனால் மனசுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தால் மற்ற எல்லாவற்றிலும் தன் கை இருந்தது, சன்னலை மூடியதில் மட்டும் கை இல்லை. மத்தியானம் பார்த்துவிட்டு வந்த டங்கன் கிழவருக்குச் சூப்பைக் கரண்டி கரண்டியாக ஊட்டியதில் கை இருந்தது. பக்கவாதம் வந்த இடது கடைவாயில் வழிந்ததைத் துடைத்ததில், மாத்திரையைப் பிதுக்கி எடுத்ததில், கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்ததில், வெளிக்கதவின் சாவியைப் பெட்டிக்குள் போட்டு நம்பர் பூட்டைக் கலைத்ததில், எல்லாவற்றிலும் இருந்தது. சன்னலைத் திறந்ததில்கூட இருந்தது. பழைய பெயிண்ட் இறுகிப் போயிருந்த கொண்டி, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் இரண்டு குத்து குத்தி, மூன்றாவதில் திறந்து, வெள்ளைப் பெயிண்ட் பொருக்கு கையில் ஒட்டி, அதைக் கால்சட்டையில் துடைத்து. குனிந்து பார்த்தான். தொடையில் வெள்ளையாக ஒரு தீற்றல் இருந்தது. திறந்ததற்குச் சாட்சி இருக்கிறது. மூடியதற்கு என்ன சாட்சி? பஸ்ஸுக்கு வெளியே ஒன்றுமில்லை, மரமில்லை, ஆறில்லை. கடலிலிருந்து ஏறி வந்த வெள்ளை மூட்டம் கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டு நின்றது. இந்தப் பக்கத்து ஆட்கள் அதை ஹார் என்பார்கள். கடலோரத்தில் அவன் குடியிருக்கிற அபர்டீனில் காலையிலிருந்தே அதுதான், கைவிரல் விறைக்கிற ஈரக் குளிர். அதற்குள்ளிருந்து பஸ் ஏறிப்போய் மேலே பள்ளத்தாக்கில் இறங்கினால் அங்கே வெயில், சூட்டடுப்பில் வைத்த பன் மாதிரி இதமான வெயில். சன்னலுக்கு வெளியே ஆணியடித்து மாட்டிய வெப்பமானியைக் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு டங்கன் சொன்னார், குழறின நாக்கோடு, ஆனால் குஷியாக: "பதினேழு! மார்ச் மாசத்துல பதினேழு! திற அந்தச் சன்னல. ஹீட்டரையும் நிறுத்து, நான் என்ன கோழிக்குஞ்சா?"

திறந்திருக்கக் கூடாது. ஆனால் அவர் வீடு, அவர் சன்னல், நாற்பது வருஷம் இதே பள்ளத்தாக்கில் தபால் கொடுத்த மனுஷர், வெயில் எது குளிர் எது என்று அவருக்கு இவன் சொல்வதா. எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் பதினாலு வருஷம் புவியியல் எடுத்தவன்தான் பொன்சிங். தூத்துக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் தூசியோடு கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறான்: பிரிட்டிஷ் வகைக் காலநிலை, ஆண்டு முழுவதும் மழை, மிதமான கோடை, மிதமான குளிர்காலம். இரண்டு மதிப்பெண். எழுதி முடித்ததும் அழித்துவிட்டு அடுத்த வகைக் காலநிலைக்குப் போய்விடுவான். யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை, அவனும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை, ஒரு தேசம் முழுக்க எப்படி ஐயா ஒரே வரியில் அடங்கும் என்று. மனைவி எப்சிக்கு இந்தத் தேசத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்திறங்கிய பிறகுதான் அந்த ஒரு வரி ஓட்டை ஓட்டையாக ஒழுக ஆரம்பித்தது. அவளுடைய முதல் வேலை மேற்குக் கரையில், ஃபோர்ட் வில்லியம் ஊரில். அங்கே ஜூலையில் பத்தொன்பது நாள் விடாமல் மழை, அதுவும் கொட்டாது, சிணுங்கும், காய்ச்சல்காரப் பிள்ளை அழுகிற மாதிரி. துவைத்துப் போட்ட சட்டை நான்காம் நாள் நாறும். அதே ஜூலையில் எப்சியின் அண்ணன் லண்டன் பக்கத்திலிருந்து படம் அனுப்பினார், புல்லெல்லாம் கருகிச் சாம்பல் நிறத்தில், முப்பத்தாறு டிகிரியாம், "கோவில்பட்டி மாதிரி இருக்குலா" என்று எழுதியிருந்தார். கிழக்கே நார்விச் பக்கம் மழையே கிடையாது என்று விவசாயிகள் டிவியில் முறையிட்டார்கள். டிசம்பரில் இந்தப் பள்ளத்தாக்கில் மூன்றரைக்கு விளக்குப் போட வேண்டும், ஜூனில் பத்தரைக்கும் விளக்குப் போட வேண்டாம். ஆற்றுக்குப் பெயர் டீ. ஊரில் சொன்னால் சர்க்கரை போட்டா போடாமலா என்று கேட்பார்கள். அந்த டீ ஆற்றின் பள்ளத்தாக்கில் ஒரு விசேஷம் உண்டு, டங்கனே சொன்னது. பகலில் எவ்வளவு வெயில் அடித்தாலும் சரி, சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் இரண்டு பக்கச் சரிவிலிருந்தும் குளிர்காற்று தண்ணீர் மாதிரி வழிந்து வந்து அடிப்பள்ளத்தில் தேங்குமாம். குளம் மாதிரி. அவர் வீடு அந்தக் குளத்தின் தரையில் இருக்கிறது. மேலே இருக்கிற ஒரு ஊரில் ஒரு ஜனவரியில் மைனஸ் இருபத்தேழு. "வெயிலடிச்ச நாளோட ராத்திரியத்தான் நம்பக் கூடாது" என்றவர் அவர். சொன்னவருக்கே இன்றைக்கு அது மறந்துபோனது. கேட்டவனுக்கும் மறந்துபோனது. மலைக்குப் பின்னால் சூரியன் எத்தனை மணிக்குப் போகும்? நாலு. நாலே காலுக்குள். அவருக்குப் பிறகு இன்னும் இரண்டு வீடு பார்த்துவிட்டு வருகிறான், இப்போது மணி ஐந்து பத்து.

கால்சட்டைப் பையில் ஆபீஸ் போன் துடித்தது. போன நவம்பரிலிருந்து அந்தப் போன் துடித்தால் ஒரு நொடி கழித்துத்தான் திரையைப் பார்ப்பான். ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் பதிவு செய்ய மறந்ததற்கு ஒரு கடிதம் வந்தது. மரியாதையான கடிதம், கடைசி வரியில் மட்டும் கத்தி: இன்னொரு முறை நேர்ந்தால் தொடர்ந்து பணியில் வைத்திருப்பதை மறுபரிசீலனை செய்ய வேண்டிவரும். இப்போது வந்தது அது இல்லை. டங்கனுக்கு இன்று மாலை ஆறரை மணிக்கு வேறொருவர் போக வேண்டிய பராமரிப்பு ரத்து, மகள் வந்து பார்த்துக்கொள்கிறார். அவ்வளவுதான். பொன்சிங் சீட்டில் சாய்ந்தான். அப்பாடா. மகள் ஃபியோனா டெவனிலிருந்து வருகிறாள், டங்கன் மத்தியானமெல்லாம் அதே பேச்சு, அவள் வருகிற வண்டியைப் பார்க்கத்தானே நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பச் சொன்னார். ஐந்து மணிக்கு வந்துவிடுவாள் என்றார். அப்படியென்றால் இப்போது வந்திருப்பாள், உள்ளே நுழைந்ததும் குளிரும், யார் இந்தச் சன்னலைத் திறந்து போட்டது என்று முனகிக்கொண்டே சாத்துவாள், ஹீட்டரைப் போடுவாள், முடிந்தது. முனகட்டும். புகார் எழுதினாலும் எழுதட்டும். இல்லை, எழுத வேண்டாம். அந்த நிம்மதி இரண்டு நிறுத்தம்கூடத் தாங்கவில்லை. டெவன். இந்தத் தேசத்தின் மறுகோடி. மேலே வெயில், இங்கே மூட்டம், அங்கே? சொந்தப் போனை எடுத்துப் பார்த்தான். தென்மேற்கில் புயல். மணிக்கு எழுபது மைல் காற்று, கடல் சுவரேறி ரயில் பாதையில் விழுகிற படம், பல ரயில்கள் ரத்து. ஒரே நாள், ஒரே மார்ச், ஒரே தேசம். ஆபீஸ் போனில் மகளின் நம்பர் இருந்தது, அவசரத்துக்கு மட்டும் என்று. இது அவசரமா? அவசரம் என்று எப்போது தெரியும், முடிந்த பிறகா? அழைத்தான். பின்னால் ஸ்டேஷன் அறிவிப்பு இரைய, அவள் எடுத்தாள். "நான் இன்னும் எக்ஸிட்டர் ஸ்டேஷன்லதான் இருக்கேன். விடியக்காலை அஞ்சு மணியிலேர்ந்து. இன்னைக்கு வரவே முடியாது. ரெண்டு மணிக்கே உங்க ஆபீஸுக்குச் சொல்லிட்டேனே, உங்களுக்குச் சொல்லலையா?" சொல்லவில்லை என்றான். "அப்ப ராத்திரிக்கு யார் வர்றாங்க?" என்று கேட்டாள். "நான் போறேன்" என்று சொன்ன பிறகுதான் அப்படிச் சொன்னது அவனுக்கே கேட்டது. பக்கத்து வீட்டில் யாராவது, என்று இழுத்தான். அங்கே இரண்டும் விடுமுறை வீடுகள், ஈஸ்டர் வரைக்கும் பூட்டித்தான் கிடக்கும் என்றாள். பிறகு, "அப்பா நல்லா இருந்தாரா மத்தியானம்? கதகதப்பா இருந்தாரா?" பொன்சிங் சொன்னான்: "நல்லா இருந்தார். வெயில் அடிச்சது." அவள் பெருமூச்சு விட்டு நன்றி சொன்னாள், இரண்டு முறை சொன்னாள். இரண்டாவது நன்றி அவன் காதுக்குள்ளேயே தங்கிவிட்டது, குளித்தால் காதில் தங்குகிற தண்ணீர் மாதிரி, தலையை எந்தப் பக்கம் சாய்த்தாலும் போகாமல்.

மணியை அழுத்திப் பாங்கரியிலேயே இறங்கினான். எதிர்ப்பக்கத்து நிறுத்தம் ரோட்டைத் தாண்டிய பிறகுதான் கண்ணுக்கே தெரிந்தது. மேலே போகிற பஸ்ஸுக்கு ஒன்பது நிமிஷம். ஆபீஸ் நம்பரைப் போட்டான். நீங்கள் வரிசையில் நான்காவது ஆள் என்று ஒரு குரல், பிறகு பியானோ. டங்கன் வீட்டு நம்பரைப் போட்டான். அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, எடுங்க, எடுங்க டங்கன், வலது கைதான் நல்ல கை, வலது பக்கத்து ஸ்டூலில்தானே போன். இல்லை. ஸ்டூல் அங்கே இல்லை. நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பித் தள்ளினபோது ஸ்டூல் அடுப்புப் பக்கமே நின்றுவிட்டது. எட்டடி. தானாக எழுந்திருக்க முடியாத மனுஷருக்கு எட்டடி. கழுத்தில் மாட்டுகிற அந்தச் சிவப்புப் பொத்தான், அழுத்தினால் ஆள் வருமே, அது? அதைச் சாப்பாட்டுக்கு முன்னால் கழற்றிக் கட்டில் தலைமாட்டில் மாட்டியது யார்? சூப் படக் கூடாதென்று. திரும்ப மாட்டினாயா? கை இல்லை. அதிலும் கை இல்லை. அந்த வேளையில் எப்சி கூப்பிட்டாள், ஆஸ்பத்திரியில் டீ குடிக்கிற நேரம் அவளுக்கு. "எங்க இருக்கிய? பஸ் பிந்திட்டா?" என்றாள். சொன்னான், முன்னும் பின்னுமாக, மூச்சு வாங்க. அவள் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ஆபீஸ்ல சொல்லிட்டு வீட்டுக்கு வாங்க. அவ்வோ ஆள அனுப்பட்டும்." "ஆபீஸ்ல எடுக்க மாட்டேங்கான், எப்சி." "அப்பம் போயிட்டு வாங்க. ஆனா சன்னல நாந்தான் தெறந்து வச்சேன்னு நீங்களா வாயக் குடுத்து மாட்டிக்கிடாதிய. நவம்பர்ல ஒண்ணு வந்தது போதும். அந்த மனுசன்தான தெறக்கச் சொன்னாரு?" அவர்தான் சொன்னார். உண்மைதான் அது. திறக்கச் சொன்னது அவர். "சரி" என்றான். பஸ் விளக்கு மூட்டத்துக்குள் மஞ்சளாக ஊறி வந்தது.

டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தான். சீக்கிரம் ஓட்டுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை, என்ன காரணம் சொல்வது, ஒரு சன்னல் திறந்திருக்கிறது என்றா. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடலாமா? என்ன ஆச்சு என்று கேட்பார்கள். ஒன்றும் ஆகவில்லை, ஆகியிருக்கலாம். ஒருவேளை மூடியிருந்தால்? மூடின வீட்டில் கால்மேல் கம்பளியோடு தூங்குகிற கிழவர் வாசலில் ஆம்புலன்ஸ் போய் நின்றால்? அப்போது எழுதுவார்கள் இரண்டாவது கடிதம். பஸ் வளைந்து வளைந்து ஏறியது. அவனுக்குப் பதினாறு வயசில் அப்பா உப்பளத்தில் காவல் வேலையில் இருந்தார். அம்பாரமாகக் குவித்த உப்பின்மேல் கீற்றுப் போட்டு மூடச் சொல்லிவிட்டு துக்கம் கேட்க ஒரு துஷ்டி வீட்டுக்குப் போனார். வானத்தைப் பார்த்தான் பொன்சிங், ஒரு பொட்டு மேகமில்லை, ஜூன் மாசம், தூத்துக்குடியில் ஜூனில் எந்த மழை? நாளைக்கு மூடலாம் என்று சினிமாவுக்குப் போய்விட்டான். படம் விடுகிறபோது தெருவில் தண்ணீர் ஓடியது. அம்பாரம் பாதி கரைந்துபோனது. முதலாளியிடம் அப்பா தானே மறந்துவிட்டதாகச் சொல்லித் தலையைக் குனிந்து நின்றார், அதை இவன் பனைமரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தான், முன்னால் வரவில்லை. அப்பா செத்து ஆறு வருஷமாகிறது, இன்னும் வரவில்லை. அன்றைக்கும் வானத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்தான், இன்றைக்கும் வானத்தைப் பார்த்துத்தான். வானத்தைப் பார்த்தவன் அதற்குக் கீழே இருந்ததைப் பார்க்கவில்லை. அபோயின் ஊரைத் தாண்டியதும் மூட்டம் கிழிந்து பஸ் வெளியே வந்தது. வானம் கண்ணாடி மாதிரி, ஒரு பொட்டு மேகமில்லாமல், மேற்கே மலைவிளிம்பில் மட்டும் ஆரஞ்சு நிறம். பார்க்க எவ்வளவு அழகாக இருந்தது. டிரைவருக்கு முன்னால் வெளி வெப்பம் காட்டும் சின்னத் திரையில் ஐந்து என்றிருந்தது. ஒரு பாலம் தாண்டியதும் நான்கு. கீழே இறங்க இறங்க மூன்று, இரண்டு. பொன்சிங் அந்த எண்ணைப் பார்க்காமலிருக்க முகத்தைத் திருப்பினான், திருப்பினால் வயலோர வேலிக்கம்பியில் உறைபனி வெள்ளையாகப் பூத்திருந்தது.

நிறுத்தத்திலிருந்து ஓடினான். வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போகத் தேவையில்லை, கேட்டைத் திறக்கும்போதே தெரிந்தது, திரைச்சீலை வெளியே வந்து சுவரில் படிந்து கிடந்தது. நம்பர் பூட்டில் விரல் இரண்டு முறை தப்பியது. உள்ளே வெளியைவிட இருட்டு, வெளியைப் போலவே குளிர். டங்கன் நாற்காலியில் இருந்தார். மத்தியானம் போட்ட மெல்லிய பின்னல் சட்டை, பாதி நழுவிய கால்போர்வை, அதை இழுக்கப் பார்த்து முடியாமல் தரையை நோக்கித் தொங்கிய வலது கை. உடம்பு நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் நல்லது என்று அவனுக்குத் தெரியும். "டங்கன்!" கண் திறந்தது. உதடு ஈய நிறத்தில் இருந்தது. "தபால் போட்டாச்சு" என்றார், யாருக்கோ. "எல்லா வீட்டுக்கும் போட்டாச்சு." பொன்சிங் சன்னலை இழுத்து அறைந்து மூடினான், ஹீட்டரைத் திருகினான், கட்டிலிலிருந்த அத்தனை கம்பளியையும் வாரி வந்து சுற்றினான், ஆம்புலன்ஸுக்கு அழைத்துப் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தான். இருபத்தைந்து நிமிஷம் ஆகும் என்றார்கள். எப்சிக்கு ஒரு கையால் அழைத்தான். அவள் குரலே மாறிவிட்டது, வீட்டுக்காரி குரல் போய் வார்டுக் குரல் வந்துவிட்டது. "கைகாலத் தேய்க்காதிய. சுடுதண்ணி பாட்டில் கால்ல வைக்காதிய. நெஞ்சோட சேத்து நீங்க பிடிச்சுக்கிடுங்க, போர்வைக்குள்ள போயி. பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க, தூங்க விட்றாதிய." கோட்டைக் கழற்றிப் போர்வைக்குள் நுழைந்து அவரைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டான். கல்லைக் கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. என்ன பேசுவது? எந்தெந்த வீட்டுக்குத் தபால் போட்டீர்கள் என்று கேட்டான். ஆற்றோரத்து வீடு, மேட்டு வீடு, பாலத்து வீடு என்று அவர் குழறிக் குழறிச் சொன்னார், ஒவ்வொரு வீட்டுக்கும் நடுவே நீண்ட இடைவெளி, ஒவ்வொரு இடைவெளியிலும் பொன்சிங்கின் மூச்சு நின்று காத்திருந்தது, அடுத்த வீடு வருமா, வராமலே போகுமா. பதினோராவது வீட்டில் நடுக்கம் ஆரம்பித்தது. முதலில் தாடை, பிறகு தோள், பிறகு உடம்பு முழுக்க, நாற்காலி தரையில் கடகடக்க. அவர் நடுங்க நடுங்கப் பொன்சிங்குக்கு அழுகை வந்தது.

ஆம்புலன்ஸில் இரண்டு பேர் வந்தார்கள். பெண்தான் பெரியவள், நரை ஓடிய முடி, வேகமான கை. காதில் வெப்பமானியை வைத்துப் பார்த்துவிட்டு முப்பத்திரண்டரை டிகிரி என்றாள். சூடான உறையில் சுற்றினார்கள், ஊசி குத்தினார்கள், ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். பிழைத்துக்கொள்வார், இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் சொல்ல முடியாது என்று கூட வந்தவன் சொன்னான். ஃபியோனாவிடம் அந்தப் பெண்ணே போனில் பேசினாள். பிறகு பலகையில் மாட்டிய காகிதத்தை முட்டியில் வைத்துக்கொண்டு பொன்சிங்கைப் பார்த்தாள். வீடு ஏன் இவ்வளவு குளிர்ந்துபோயிருக்கிறது, ஹீட்டர் பழுதா? ஆம் என்று சொன்னால் யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள். டங்கனுக்கு நாளைக்கு எது ஞாபகமிருக்கும். அவர்தான் திறக்கச் சொன்னார், பதினேழு டிகிரி இருந்தது, ஆபீஸில் சொல்லவில்லை, புயலில் ரயில் நின்றது, எல்லாமே உண்மை, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் அதற்குப் பின்னால் ஒரு ஆள் நின்றுகொள்ளலாம். "ஹீட்டர் நல்லா இருக்கு" என்றான். "மத்தியானம் ஒண்ணே முக்காலுக்கு நான் ஹீட்டரை நிறுத்திட்டு அந்தச் சன்னலத் திறந்தேன். மூடாம போயிட்டேன். பொத்தானையும் திரும்ப மாட்டல. போனையும் எட்டாத தூரத்துல வச்சிட்டேன்." அவளுடைய பேனா நின்றது. அவள் முகத்தில் கோபம் வருமென்று காத்திருந்தான், அது வந்தால் தேவலை என்றிருந்தது. வரவில்லை. மறுபடி எழுத ஆரம்பித்தாள், எழுதி முடிக்க வெகுநேரம் ஆன மாதிரி இருந்தது. "உங்க பேர்?" என்றாள். சொன்னான். புரியவில்லை, எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கள் என்றாள். பொன்சிங் நிமிர்ந்து நின்று, ஒரு எழுத்தும் தப்பிப்போகாதபடி, ஒவ்வொன்றாக, அவள் எழுதி முடிக்கும்வரை பொறுத்துப் பொறுத்துச் சொன்னான்.